மாமனாரின் நெஞ்சும் பவுனின் வயிறும்

ரயில்வே கேட்டை மூடிக் கால்மணி நேரம் ஆகியிருந்தது. பருத்திப் பொதி ஏற்றிய லாரி, இரண்டு மாட்டுவண்டி, மில்லுக்குப் போகிற சைக்கிள்கள் எல்லாம் வெயிலில் நின்றன. அந்தக் கூட்டத்துக்கு நடுவில் என் வீட்டுக்காரர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில். கேரியரில் மூடி போட்ட பனை ஓலைப் பெட்டி ஒன்றைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தோம். அதற்குள்ளிருந்து பிறந்த குழந்தை அழுகிற சத்தம் வந்துகொண்டிருந்தது.

பூக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற ஒரு அம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

“ஏட்டி, பெட்டிக்குள்ள என்ன?”

“பூனை, அக்கா.”

“பூனை இப்படியா அழும்? பச்சப்புள்ளைக்குத்தான் இப்படித் தொண்டை அடைக்கும். மூடியத் தெற, பாப்போம்.”

கூட்டம் எங்கள் பக்கம் திரும்பியது. வேறு வழியில்லாமல் மூடியை இரண்டு விரல் அகலத்துக்குத் தூக்கினேன். வெள்ளைக் கால் ஒன்று வெளியே வந்து அந்த அம்மாளின் கூடையைத் துழாவி, ஒரு முழம் கனகாம்பரத்தைப் பெட்டிக்குள் இழுத்துக்கொண்டு போனது.

“பூனைதான்” என்றார் அந்த அம்மாள்.

லாரிக்காரர் தலையை வெளியே நீட்டினார். “எங்க தம்பி கொண்டு போறீங்க?”

“மாட்டாஸ்பத்திரிக்கு அண்ணாச்சி.”

“என்ன சீக்கு?”

என் வீட்டுக்காரருக்குப் பொய் சொல்ல வராது. அதிலும் மெதுவாகப் பேசவும் வராது. மில் சத்தத்தில் பேசிப் பழகின குரல். “சீக்கு ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன்.”

சிரிப்பு இந்தப் பக்கம் தொடங்கித் தண்டவாளத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போனது. ரயில் வருவதற்கு முன்னால் செய்தி கேட்டைக் கடந்துவிட்டது.

லோயர் பாஸானால் ஒரு குட்டி

பவுனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் என்னைப் பற்றி இரண்டு வரி. இந்தத் தொடரின் போன வாரங்களைப் படிக்காதவர்கள் இருப்பார்கள்.

கோவில்பட்டியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் நான் சொல்லிக்கொடுக்கிறவளாக இருந்தேன். எட்டு மெஷின். அதில் ஒன்றுக்கு ‘ட’ அடித்தால் ‘ப’வும் சேர்ந்து எழுந்து வரும். ஸ்பின்னிங் மில் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த ராமசாமி லோயர் என்கிற முதல் பரீட்சைக்குப் படிக்க வந்தார். அவர் விரலின் கனத்தில் ரிப்பன் கிழிந்தது. மூன்று ரிப்பன் கிழிந்த பிறகு எங்கள் கல்யாணம் நடந்தது.

கல்யாணமான முதல் மாதத்தில் எங்கள் வாடகை வீட்டு அடுப்படிக்குள் பவுனு தானாக வந்து உட்கார்ந்தாள். வெள்ளை உடம்பு. முதுகில் இரண்டு இடத்தில் பொன்னிறத் திட்டு. அதனால் பவுனு. ஒரு வாரத்தில் மூன்று குட்டி போட்டாள்.

அடுத்தது நாலு. அதற்கடுத்தது மறுபடி நாலு. நான் இன்ஸ்டிட்யூட்டில் ஓர் ஏற்பாடு செய்தேன். லோயர் பாஸ் செய்கிறவர்களுக்கு ஒரு பூனைக்குட்டி பரிசு. அதற்குப் பிறகுதான் பிள்ளைகள் நிறையப் பேர் பெயிலானார்கள் என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்கிறார்.

நாலாவது ஈற்றில் சிரிப்பு போய்விட்டது. ஐந்து குட்டியில் இரண்டு பிழைத்தது. பவுனின் முதுகெலும்பைத் தொட்டு எண்ணலாம். பால் கொடுத்துவிட்டு எழுந்து நடக்கும்போது பின்னங்கால் தள்ளாடும்.

மாட்டாஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருந்த டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன். நாகர்கோவில் பக்கத்துக்காரர், சின்ன வயது. கோவில்பட்டிக்கு வந்த நாளிலிருந்து மாட்டுக்குச் சினை ஊசியும் ஆட்டுக்குப் பூச்சி மருந்துமாகவே அவருக்குப் பொழுது போயிருந்தது.

“இன்னொரு ஈத்து இது தாங்காதும்மா. குட்டிகளப் பால் மறக்கடிச்சு, ஒரு மாசம் நல்லா சாப்பாடு குடுத்துக் கொண்டாங்க. கருப்பையை எடுத்துரலாம்.”

“பூனைக்குச் செய்வாங்களா டாக்டர்?”

“படிக்கும்போது ரெண்டு பண்ணியிருக்கேன்” என்றவர் கொஞ்சம் நேர்மையாகி, “ஒண்ணு நான் பண்ணினேன். ஒண்ணு பக்கத்துல நின்னு பாத்தேன்” என்றார். ஆனால் அவர் கண் மின்னியதைப் பார்த்து எனக்கு நம்பிக்கை வந்தது.

மதினி சொன்ன வார்த்தை

அந்த வருஷங்களில் பஸ்ஸின் முதுகு, ஆஸ்பத்திரிச் சுவர், பள்ளிக்கூடச் சுவர் எங்கே பார்த்தாலும் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம்தான். ஆனால் பூனைக்குச் செய்வதைப் பற்றி எங்கள் தெரு கேள்விப்பட்டதில்லை.

பக்கத்து வீட்டு மாரியம்மாள் மதினி நல்லவர்கள்தான். தீப்பெட்டி ஆபீசிலிருந்து கட்டைச் சட்டங்களை வீட்டுக்கு எடுத்து வந்து, அவற்றில் வரிவரியாகத் தீக்குச்சி அடுக்கிக் கொடுப்பார்கள். விரல் ஓடுகிற வேகத்துக்கு வாயும் ஓடும்.

“ரெண்டு வருசமா ஒன் வயிறு தெறக்கல. நீ போயி ஒரு வாயில்லாச் சீவனுக்கு வயித்த அடைக்கியே கோமதி. பாவம் சும்மா விடுமா?”

அன்றைக்கு இரண்டு பேருக்குச் சோறு வடித்துவிட்டு, பசியில்லை என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் என் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு, “என்னாச்சு?” என்று கேட்டார். சொன்னேன்.

“பவுனு செத்துப்போனா மட்டும் பாவம் இல்லையா?” என்றார். அவ்வளவுதான் அவருடைய பேச்சு. எனக்கு அது போதுமாக இருந்தது.

டார்ச் பிடித்த கதை

கேட் திறந்து நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் கையைக் கழுவிவிட்டுத் தயாராக நின்றார். கம்பவுண்டர் செல்லையா அண்ணாச்சி பெட்டிக்குள் கையை விட்டு, கனகாம்பரத்தோடு சேர்த்துப் பவுனை வெளியே எடுத்தார்.

“பூ வச்சுல்லா கூட்டிட்டு வந்துருக்காவ” என்றார்.

மயக்க ஊசி போட்டதும் நாலு எண்ணுவதற்குள் தலை சாய்ந்தது. கண் மூடவில்லை. கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறவளுக்கு மூச்சு இருக்கிறதா என்று கையை வைத்துப் பார்த்தேன். டாக்டர் இடுப்புப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு முடியை மழித்தார். எங்களை வெளியே நிற்கச் சொன்னார்.

வேப்பமரத்தடியில் ஒரு சம்சாரி பசுவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாங்கள் எதற்காக வந்தோம் என்று கேட்டுவிட்டு, பசுவை ஒரு தடவையும் எங்களை ஒரு தடவையும் பார்த்தார். “நான் இது சினை பிடிக்கலைன்னு வந்து நிக்கேன்” என்றார்.

நாங்கள் மூன்று பேரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது.

“சார், உள்ள வாங்க. டார்ச் பிடிக்க ஆள் வேணும்” என்று கம்பவுண்டர் கூப்பிட்டார். என் வீட்டுக்காரர் மிடுக்காக உள்ளே போனார். ஒரு நிமிஷத்தில் ஏதோ சரிகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்திருக்கிறார். முகத்தில் ரத்தமே இல்லை. டார்ச் மட்டும் கையில் எரிகிறது, கூரையைப் பார்த்து.

நான் டார்ச்சை வாங்கினேன்.

இரண்டு விரல் நீளத்துக்குத்தான் கிழித்திருந்தார். அதற்குள்ளிருந்து ஒரு கொக்கியால் மெல்ல இழுத்து எடுத்ததைப் பார்த்தேன். இளம் சிவப்பில் இரண்டு கொம்பு மாதிரி கருப்பை, கண்ணாடி வளையலின் தடிமன்கூட இல்லை. இதிலிருந்தா அத்தனை குட்டி வந்தது என்று ஆச்சரியமாக இருந்தது. பயம் எங்கோ போய்விட்டது. டாக்டர் நூலால் கட்டினார், நறுக்கினார், இரண்டு அடுக்காகத் தைத்தார். தையல் முடிந்து கத்தரியைக் கீழே வைத்த பிறகு கரண்ட் வந்தது.

“அம்மா கை ஆடல. சார்தான் ஆடிட்டாவ” என்றார் செல்லையா அண்ணாச்சி.

டாக்டருக்கு முகமெல்லாம் வேர்வையும் சிரிப்பும். “இப்பம் மூணு ஆச்சு” என்றார்.

குடித்தவள் மாதிரி

“மயக்கம் தெளிய சாயங்காலம் ஆகும். உடம்பு குளுந்துறாமப் பாத்துக்கோங்க. தலைய நேரா நிறுத்துற வரைக்கும் தண்ணிகூட வைக்கக் கூடாது. உசரத்துல ஏற விடாதீங்க. பத்தாம் நாளு தையல் பிரிக்கணும். முக்கியமா, புண்ணை நக்க விடவே கூடாது” என்று சொல்லி அனுப்பினார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடிப் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, துணி சுற்றி, பவுனின் முதுகோடு ஒட்டி வைத்தேன். மில்லிலிருந்து வந்த கழிவுப் பஞ்சில் மெத்தை. தெருவில் இருந்த அத்தனை பெண்களும் ஆளுக்கொரு தடவை வந்து பார்த்தார்கள். ஒருத்தி பிரசவித்தவளைப் பார்க்க வருகிற மாதிரி ரொட்டி வாங்கி வந்திருந்தாள். அதை நான்தான் பாலில் நனைத்துச் சாப்பிட்டேன்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் பவுனு எழுந்தாள். முன்னங்கால் இரண்டும் ஒரு ஊருக்குப் போயின, பின்னங்கால் வேறு ஊருக்குப் போயின. நான் பிடிப்பதற்குள் வாசல்படியில் உருண்டு, நேராக மாரியம்மாள் மதினி வீட்டுக்குள் நுழைந்து, அடுக்கி வைத்திருந்த கட்டைகளின் மேல் தொப்பென்று உட்கார்ந்தாள். ஒரு பொழுது அடுக்கின குச்சி அத்தனையும் தரையில். மருந்து முக்காத வெறும் குச்சி என்பதால் பிழைத்தோம்.

மதினி திட்டப் போகிறார்கள் என்று நினைத்தேன். அவர்கள் பவுனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பவுனு தலையை நேராக நிறுத்த முயன்று, முடியாமல், மதினியின் முழங்காலில் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

“எங்க வீட்டாளு சாராயம் குடிச்சிட்டு வந்தா இப்படித்தான்” என்றார்கள் மதினி. “இது மட்டும் பாக்க அழகா இருக்கு.” இரண்டு பேரும் விளக்கேற்றுகிற நேரம் வரை குச்சி அடுக்கினோம்.

டிரங்குப் பெட்டியில் இருந்த உறை

மறுநாள் பவுனு புண்ணைத் தேட ஆரம்பித்தாள். அட்டையை வெட்டிக் கூம்பு மாதிரி கழுத்தில் மாட்டினேன். பாலில் ஊறி, அரை நாளில் கூழானது. டாக்டரிடம் ஓடினேன்.

“பழைய எக்ஸ்ரே பிலிம் இருக்கா? அதுதான் நல்லா நிக்கும்.”

இருந்தது. ஒன்றே ஒன்று. என் மாமனாருடையது.

என் மாமனாருக்கு நாகலாபுரம் பக்கத்தில் கரிசல் காடு. வானம் பார்த்த பூமி, பத்து இருபது ஆடு. தன் தங்கை மகளைத்தான் மகனுக்குக் கட்ட வேண்டும் என்று இருந்தவர். மகன் டைப் அடிக்கப் போய் என்னைக் கட்டிக்கொண்டார். மாமா கல்யாணத்துக்கு வந்தார், ஆசீர்வாதம் செய்தார், ஆனால் என்னிடம் பேசவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தால் சுவரைப் பார்த்து, “குடிக்கத் தண்ணி இருக்குமோ என்னமோ” என்பார். நான் கொண்டு வைப்பேன். இரண்டு வருஷமாக இப்படி.

முந்தின வருஷம் அவருக்கு விடாத இருமல். ஊரில் காசம் என்று பேசினார்கள். தூத்துக்குடிக்குக் கூட்டிக்கொண்டு போய் நெஞ்சைப் படம் எடுத்தோம். ஒன்றுமில்லை, களத்துத் தூசிதான். அந்தப் படத்தை அவர் கையில் வைத்துக்கொண்டு ஊரில் ஒவ்வொருவரிடமும் சூரியனுக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். பிறகு, ஊர் வீட்டில் எலி கடித்துவிடும் என்று எங்கள் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்துவிட்டுப் போயிருந்தார்.

தெரியாமல் செய்தேன் என்று சொன்னால் பொய். தெரிந்துதான் செய்தேன். பவுனு ஒரு தையலை ஏற்கெனவே நக்கித் தளர்த்தியிருந்தாள். மாமா பொங்கலுக்கு முன்னால் வர மாட்டார் என்று நினைத்தேன். கத்தரியை எடுக்கும்போது பயமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இருதயம் இருக்கிற பக்கத்தில் கத்தரி வைக்க மனசு வராமல், வலப்பக்கத்திலிருந்து வெட்டினேன்.

பவுனுக்கு அது கச்சிதமாக இருந்தது. முதலில் அதைக் கழற்றப் பார்த்துப் பின்பக்கமாகவே வீடு முழுவதும் நடந்தாள். பிறகு பழகிவிட்டது. நிலையில் இடித்துக்கொண்டு, சலக் சலக்கென்று ராணி மாதிரி திரிந்தாள். தட்டைக் கவிழ்த்த டம்ளர் மேல் உயரமாக வைத்தால் அழகாகச் சாப்பிடுவாள். நெத்திலிக் கருவாட்டுக்குள் மாத்திரையை ஒளித்துக் கொடுத்தேன். காலையில் அவள் வாசலில் உட்காரும்போது வெயில் ஊடுருவி, தரையில் மாமனாரின் விலா எலும்புகள் வரிவரியாக விழும்.

ஐந்தாம் நாள் மாமா வந்து நின்றார்.

யாரு நெஞ்சு

என் வீட்டுக்காரர் மில்லுக்குப் போயிருந்தார். மாமா உள்ளே வந்து, பையை வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துப் பேசினார்.

“செல்விக்கு ஒரு இடம் வந்துருக்கு. பத்து நாளுல வீடு பாக்க வாராவ. எனக்குக் காசம்னு எவனோ போயிச் சொல்லி வச்சிருக்கான். அந்தப் படத்த எடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன்.”

செல்வி என் நாத்தனார். நான் அடுப்படிக் கதவைச் சாத்தத் திரும்பினேன். அந்த நேரம் பார்த்துப் பவுனு அடுப்படியிலிருந்து வந்தாள். சலக், சலக். மாமாவின் காலில் கூம்பை இடித்து நின்று, அண்ணாந்து பார்த்தாள்.

மாமா குனிந்தார். பிறகு பவுனை இரண்டு கையாலும் அலுங்காமல் தூக்கி, வாசலுக்குக் கொண்டு போய்ச் சூரியனுக்கு நேராகப் பிடித்தார். ஓர் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட பெயரும் நம்பரும் வெள்ளையாகத் தெரிந்தன.

திரும்பி என்னைப் பார்த்தார். சுவரை இல்லை, என்னை.

“இது யாரு நெஞ்சு?”

“ஒங்க நெஞ்சுதான் மாமா.”

எல்லாவற்றையும் சொன்னேன். நாலு ஈற்று, கரண்ட் போனது, அவர் மகன் சுவரோரம் உட்கார்ந்தது, நக்கின தையல், எல்லாம். இரண்டு வருஷமாகப் பேசாததைச் சேர்த்துப் பேசினேன். “இப்பமே கழட்டித் தந்துருதேன் மாமா” என்று கூம்பின் முடிச்சில் கை வைத்தேன்.

“கைய எடு தாயி. கழட்டினா நக்கிரும்லா.” பவுனை மடியில் மல்லாத்தி, தையலைச் சுற்றி மெல்ல அழுத்தினார். மூக்கை அருகில் கொண்டு போய் மோந்து பார்த்தார். ஆட்டுப் புண்ணைப் பார்த்துப் பழகின கை. “வாடை இல்ல. நல்லா ஆறுது. என்னைக்குப் பிரிக்கணும்?”

“இன்னும் அஞ்சு நாள் மாமா.”

“அப்பம் அஞ்சு நாள் இருந்துட்டுப் போறேன். அவிய வாரதுக்கு நாள் கெடக்கு.” எங்கள் வீட்டில் ஒரு ராத்திரிக்கு மேல் தங்காத மனுஷர்.

அடுத்த நாள் மாரியம்மாள் மதினி வந்தார்கள். பெரியவர் ஒருத்தர் கிடைத்தார் என்று பழைய பேச்சை எடுத்தார்கள். பிள்ளை இல்லாத வீட்டில் பூனைக்கு வயிற்றை அடைத்தது தோஷம் என்றார்கள். நான் அடுப்படியில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மாமா நிதானமாகக் கேட்டார். “ஒங்க வீட்ல ஆடு வளத்திருக்கீங்களா தாயி?”

“எங்க அப்பா வீட்ல வளத்தோம்.”

“கிடாய்க்குக் காயடிச்சீங்களா?”

“அடிக்காம?”

“ஒங்க அப்பாவுக்கு ஏதும் ஆச்சா?”

மதினி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் சுவரைப் பிடிக்க வேண்டியதாகிவிட்டது. நான் கரண்டியோடு தரையில் உட்கார்ந்து சிரித்தேன். மாமா மட்டும் சிரிக்கவில்லை. பவுனின் காதைச் சொறிந்துகொண்டிருந்தார்.

எனக்குப் பிள்ளை பிறந்ததா என்று வாசகர்கள் கடிதம் போடுவார்கள். பிறந்தது. இரண்டு. அதற்கும் பவுனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

பத்தாம் நாள் மாமாதான் பவுனைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் ஒவ்வொரு தையலாக வெட்டி எடுத்தார். புண் இருந்த இடத்தில் ஒரு சின்னக் கோடு. மழித்த இடத்தில் சாம்பல் மாதிரி முடி முளைத்திருந்தது. மாமா கூம்பைக் கழற்றி, நனைத்த துணியால் துடைத்து, நிமிர்த்தி, உறைக்குள் வைத்துக்கொண்டு நாகலாபுரம் பஸ் ஏறினார்.

வெட்டுப்பட்ட படம்

அதற்கடுத்த இரண்டு வாரமும் எனக்குச் சோறு இறங்கவில்லை. செல்வியின் கல்யாணம் என் கத்தரியால் நின்றுபோனால் என்ன செய்வது? என் வீட்டுக்காரர் எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை.

ஒரு நாள் காலை வகுப்பு. எட்டு மெஷினும் ஓடிக்கொண்டிருக்கும்போது வாசலில் மாமா. ஒவ்வொரு மெஷினாக நின்றது. நான் எழுந்து நின்றேன்.

“முடிஞ்சிருச்சு தாயி. தை மாசம் கல்யாணம்.”

“படம் வெட்டுப்பட்டு இருந்ததே மாமா, கேக்கலையா?”

“கேட்டாவ. ஏன் வட்டமா ஓட்டை கெடக்குன்னு கேட்டாவ. நடந்தத நடந்தபடி சொன்னேன். சம்பந்தியம்மா சிரிச்சு, புரையேறி, தண்ணி குடுக்க வேண்டியதாப் போச்சு. நெஞ்ச யாரு பாத்தா? ஆபரேஷனப் பத்தித்தான் ஒரு பொழுது பூராக் கேட்டாவ.”

சொல்லிக்கொண்டே தோளில் தொங்கின மஞ்சள் பையை மேஜைமேல் வைத்தார். பை அசைந்தது. அதற்குள்ளிருந்து கறுப்பாக ஒரு தலை எட்டிப் பார்த்தது.

“மாப்பிள்ளை வீட்டுப் பூனை. ஆறு ஈத்தாம். சம்பந்தியம்மா குடுத்து விட்டுருக்காவ. மயக்க ஊசி போடணும்லா, நேத்துச் சாயங்காலத்துல இருந்து ஒண்ணும் குடுக்கல. இப்பமே ஆஸ்பத்திரிக்குப் போயிருவமா?”

நான் வகுப்புக்கு லீவு விட்டேன்.